சிவப்பு வளையக் கோழிகளுக்கு நான் கொடுத்த பாக்கு

மதிப்புக்குரிய டாக்டர் வில்லாருயெல் ஐயா அவர்களுக்கு,

பத்தாங்காஸ் மலையடிவாரத்திலிருந்து அனக்லேத்தோ திமாகுலாங்கன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மே மாதம் புனித இசிதோர் திருவிழாவன்று இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, பப்பாளிக்காயும் முருங்கையிலையும் போட்ட தினோலாக் கோழிக் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டதை நானும் என் மனைவி பெலிசாவும் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கே நாங்கள் நலம். கோழிகளும் நலம். கோழிகள் நலமாக இருப்பதுதான் ஐயா சிக்கலே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் தங்கை மகள் டீத்தாஸ் உங்களிடம் கால்நடை மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறாள். கோழிக் குடல் புழுவைப் பற்றிய அவளுடைய ஆராய்ச்சிக்காக இருபத்துநாலு கோழிகள் என் கொல்லையில் வளர்கின்றன. பன்னிரண்டுக்குக் காலில் நம்பர் போட்ட பச்சை வளையம், முதல் ஏழு நாள் உங்கள் புது மருந்து. பன்னிரண்டுக்குச் சிவப்பு வளையம், மருந்து கிடையாது. வாராவாரம் எச்சத்தில் புழு முட்டை எத்தனை என்று எண்ண வேண்டும். பச்சையில் குறைந்து சிவப்பில் குறையாமல் இருந்தால் உங்கள் மருந்து ஜெயித்தது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைந்துவிட்டது. அவள் எண்ணாமலே எழுதிவிட்டாள் என்று நீங்கள் சொன்னதாகவும், திங்கட்கிழமை விசாரணைக் குழுவின் முன்னால் விளக்கம் சொல்லாவிட்டால் கல்லூரியை விட்டே அனுப்பப்போவதாகவும் அறிந்தேன். ஐயா, அவள் எண்ணினாள். தவறு செய்தவன் நான்.

நான் நாற்பது வருடம் சேவல் களத்தில் கத்தி கட்டியவன். சண்டைக்குச் சேவலைத் தயார் செய்யும் முன்னால், விடியற்காலையில் வெறும் வயிற்றில், பாக்கை இடித்து வெல்லப்பாகில் உருட்டித் தொண்டைக்குள் தள்ளுவோம். கொஞ்ச நேரத்தில் புழு வெளியே வந்து விழும். பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் மாதிரி, அதைச் செய்யாமல் எந்தச் சேவலையும் களத்தில் இறக்கியதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டில் சிவப்பு வளையக் கோழிகள் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கொண்டை வெளுத்து, தூங்கி வழிந்தால் எப்படி இருக்கும்? கொல்லையோ சாலையைப் பார்த்தது. தினமும் களத்துக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பாண்டோ வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பான்.

“என்ன அண்ணே, சேவல் வளத்த கை கோழியப் பட்டினி போடுதா?”

“இது ஆராய்ச்சிடா.”

“ஆராய்ச்சின்னா பாதிப் பேருக்குச் சோறு, பாதிப் பேருக்கு வேடிக்கையா?”

டீத்தாஸிடம் கேட்டுப் பார்த்தேன். “ஏம்மா, இதுங்களுக்கும் ஒரு வாய் குடுத்தா என்ன?”

“குடுக்கக் கூடாது மாமா. மருந்தில்லாம இருக்கறதுதான் அதுங்க வேலை.”

நாங்கள் சாப்பிடும்போது வழியில் போகிறவனைக்கூட “வா, சாப்பிடு” என்று கூப்பிடுகிற ஆட்கள். ஒருத்தர் பார்க்க ஒருத்தர் தின்பது எங்களுக்குப் பழக்கமில்லை. நான் பச்சைகளுக்கு மருந்துப் புட்டியைத் திறக்கும்போதெல்லாம் சிவப்புப் பன்னிரண்டும் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வரிசையாக வந்து நின்று என் கையைப் பார்த்தன. ஏழு நாள் பொறுத்தேன். எட்டாம் நாள் விடியற்காலை பாக்கு இடித்தேன். மருந்து கொடுக்கக் கூடாது என்றுதானே சொன்னாள், பாக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் வாரம் ஒருமுறை அதுவே வழக்கமாகிவிட்டது. கொண்டை சிவந்தது, நடை மாறியது, பாண்டோ வாயை மூடினான். அந்த அற்ப சந்தோஷத்துக்காக ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணைப் போட்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவள் பொய் எழுதுகிறவள் இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு அத்தாட்சி இருக்கிறது. எச்சப் பெட்டிகளை வெயில் படாமல் வாழையிலையில் சுற்றி ஜீப்னியில் உங்கள் ஆய்வகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஆறாவது வாரம் பெலிசாவும் அதே வண்டியில் தன் தங்கைக்கு அரிசிப் பலகாரம் அனுப்பினாள், அதுவும் வாழையிலையில்தான். ஓட்டுநர் பொட்டலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆய்வகத்துக்குப் பலகாரம் போயிற்று. தங்கை வீட்டுக்கு எது போயிற்று என்று நான் எழுத வேண்டியதில்லை, அவள் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. அந்த வாரத்துக்கான கட்டம் டீத்தாஸின் நோட்டில் காலியாகத்தான் இருக்கிறது. பொய் எழுதுகிறவளாக இருந்தால் அதை நிரப்பியிருக்க மாட்டாளா ஐயா?

ஜூன் மாதம் நீங்கள் வந்தபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பச்சை ஒன்பதாம் நம்பரைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, “என் மருந்துக்கு இது ஒண்ணே போதும் சாட்சி” என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டீர்கள். பிறகு சிவப்புகள் துள்ளுவதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினீர்கள். பக்கத்தில் நின்ற நான், “இங்க காத்து நல்லா இருக்குங்க, அதனாலதான்” என்றேன். காற்றின் மேல் பழியைப் போட்டேன். அது இப்போது அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கிறது.

நேற்று மத்தியானம் வந்தவள் சாப்பிடவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “மாமா, நான் தப்பா எண்ணிட்டேனா? என் கண்ண நானே நம்ப முடியல” என்றாள். என் தங்கை ஹாங்காங்கில் யார் வீட்டுத் தரையையோ துடைத்துத்தான் இவளைப் படிக்க வைக்கிறாள். அந்தத் தங்கையின் முகம்தான் முன்னால் வந்து நின்றது. அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. ஆகவே எழுதி, ஒட்டி, இதை டீத்தாஸ் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். குழுவின் முன்னால் நீங்கள் உரக்கப் படிக்கலாம்.

சிவப்புகளைத்தான் கெடுத்தேன். பச்சைப் பன்னிரண்டையும் நான் தொட்டதில்லை. இருபத்துநாலு கோழிகளும் முதல் நாள் போட்ட வளையத்தோடு அப்படியே இருக்கின்றன, இது புனித இசிதோர் மேல் ஆணை. பச்சைக் கணக்கை ஏற்றுக்கொண்டு, புதிதாகப் பன்னிரண்டு சிவப்புக்கு மட்டும் அவளுக்கு அவகாசம் கொடுங்கள். அவை இருக்கும்வரை நான் கொல்லைப் பக்கமே போக மாட்டேன்.

தங்கள் இல்லமும், தங்கள் கால் பட்ட தொழுவமும், தாங்கள் கைவைத்த எந்த உயிரும் நோய்நொடியில்லாமல் இருக்க ஆண்டவர் அருள்வாராக.

தங்கள் பணிவுள்ள,
அனக்லேத்தோ திமாகுலாங்கன்

பி.கு.: சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி இதைப் பெலிசாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆணை என்ற இடம் வந்ததும், “அந்த வரிய அடிச்சிருங்க” என்றாள். ஏன் என்றேன். திருவிழாவன்று நீங்கள் வந்த நேரத்தில் சட்டி காலியாம். விருந்தாளிக்கு வெறும் சோறு போட முடியாதே என்று கூண்டிலேயே கொழுத்ததைப் பிடித்தாளாம். அது பச்சை ஒன்பது. வளையத்தைக் கழுவி, பாண்டோவிடம் வாங்கிய கோழியின் காலில் மாட்டிவிட்டாளாம். ஆக, ஜூனில் நீங்கள் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்தது பாண்டோவின் கோழி. அதன் வயிற்றில் உங்கள் மருந்து ஒரு சொட்டுகூடப் போனதில்லை. பாண்டோவும் பழைய களத்து ஆள்தான், மாதம் தவறாமல் பாக்குக் கொடுக்கிறவன். டீத்தாஸுக்கு இதுவும் தெரியாது. “ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாருல்ல, அதையும் எழுதுங்க. அப்புறம் பிள்ளையத் திட்ட அவருக்கு மனசு வராது” என்கிறாள் பெலிசா. அதைத்தான் நான் மேலே முதலிலேயே எழுதிவிட்டேன் ஐயா, அப்போது உபசாரமாக நினைத்து எழுதினேன்.