மலையண்ணையை விசாரிக்கப் போன கதை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வேலை கிடைக்கவில்லை என்று நொந்தவர்கள் உண்டு, வெயில் கிடைக்கவில்லை என்று நொந்தவர்கள் உண்டு. ஏறுவதற்கு ஒரு மேடு கிடைக்கவில்லை என்று நொந்த ஒரே தமிழர் எங்கள் மலையண்ணைதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தோம். ஐந்து பேர் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வந்தவர்கள். மலையண்ணை மட்டும் வட இங்கிலாந்தில், ஹலிபாக்ஸ் பக்கத்து மலைச்சரிவுப் புறநகர் ஒன்றில், ஆறு வருஷம் கம்பளி மில்லில் வேலை பார்த்துவிட்டு, மில் மூடியதும் வந்து சேர்ந்தவர். யாழ்ப்பாணத்துச் சமதரையில் பிறந்தவர் மலையில் மயங்கினால் மருந்தே இல்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்துத்தான் படுப்பார். ஹை ஸ்ட்ரீட்டில் நடக்கும்போதும் முன்னுக்குச் சாய்ந்தே நடப்பார்.

"இதென்ன ஊர், தோசைக்கல்லு மாதிரி?" என்பார். "அங்கை வீட்டுக்கு முன்னாலை நிண்டு பாத்தா ரெண்டு மாடி, பின்னாலை நிண்டு பாத்தா நாலு மாடி. கிழடுகள் பிடிச்சு ஏற மதிலிலை கம்பி பூட்டியிருக்கு. செம்மறியாடு வந்து குப்பைவாளியைக் கிளறும்."

"புளுகாதேங்கோ அண்ணை" என்போம்.

முப்பத்தாறு வயதில் அவருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் தெற்கு லண்டனில், சட்டனில் நர்ஸ். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. மலையண்ணை இரண்டு நாள் மலையைப் பற்றியே பேசவில்லை. அவருக்கும் அவ்வளவு பிடித்திருந்தது. பெண்ணின் தகப்பனார்தான் இறுக்கமான ஆள். விசாரிக்காமல் பெண் கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அவர் இருந்த இடத்திலை அயலட்டையை விசாரிச்சுக்கொண்டு வாரும். நல்ல சொல்லு வந்தால் நாள் பாப்பம். இல்லையெண்டால் விடுவம்."

கோட்டும் டையும் மாட்டி, கொப்பியும் பேனையுமாக வடக்கே போனேன். அந்த ஊரைக் கண்டதும் முதல் வேலையாக மலையண்ணையிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பஸ் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. மில் புகையில் கறுத்த கல்வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று நின்றன. மழை மேலிருந்து வராமல் பக்கவாட்டில் வந்தது. தெருவுக்குக் குறுக்கே கட்டிய கொடியில் யாருடையவோ நீளக் காற்சட்டை நனைந்துகொண்டிருந்தது. செம்மறியாடும் இருந்தது.

முதல் கதவைத் தட்டி, மலையண்ணையின் படத்தைக் காட்டினேன். இவரைத் தெரியுமா, குடிப்பாரா, ஒழுங்காக வேலைக்குப் போனாரா, வீட்டுக்கு யார் யார் வந்துபோனார்கள் என்று வரிசையாகக் கேட்டு, பதிலை எழுதக் கொப்பியையும் விரித்தேன்.

"கண்டதே இல்லை, லவ்" என்று அந்தக் கிழவி கதவைச் சாத்தினாள்.

முன்பின் தெரியாத என்னை லவ் என்றதில் கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டு அடுத்த கதவைத் தட்டினேன். அங்கும் கண்டதே இல்லை. இப்படியே ஒன்பது வீடு. ஆறு வருஷம் இருந்தவரை ஒரு சனத்துக்கும் தெரியாதென்றால், மனிதர் எங்கே இருந்தார்? ஜெயிலிலா? இதைப் போய்ச் சட்டனில் எப்படிச் சொல்வது?

பசி தாங்காமல் மீனும் சிப்ஸும் விற்கிற கடைக்குள் நுழைந்தேன். கண்டதே இல்லை என்றவர்களில் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. ஆற்றாமையில் கடைக்காரியிடம் சொன்னேன்: "பாவம், இனி அவருடைய கல்யாணம் குழம்பிவிடும்."

"கல்யாணமா?" முதல் கதவுக் கிழவி திரும்பினாள். "அப்படியென்றால் நீ இமிக்ரேஷன்காரன் இல்லையா?"

அதன்பிறகு என் கொப்பி போதவில்லை. பனி கொட்டிய காலைகளில் யாரும் வழுக்கி விழாமல் தெரு முழுக்க உப்புப் போட்டது அவர். கிழவியின் கரிமூட்டையை மேட்டுக்குச் சுமந்தது அவர். அவர் வைத்த கோழிக்கறியைச் சாப்பிட்ட பாதிரியாருக்கு அந்த ஞாயிறு பிரசங்கம் செய்யக் குரல் வரவில்லையாம். அதையும் நல்ல சொல்லாகத்தான் சொன்னார்கள்.

சட்டனில் தகப்பனார் வாசலிலேயே மறித்தார். "அயலட்டை என்ன சொல்லுது, தம்பி?"

"ஒன்பது வீட்டிலையும் அவரைத் தெரியாதெண்டு பொய் சொன்னவை, ஐயா. நான் அவரைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவன் எண்டு பயந்து."

அவர் உள்ளே திரும்பி மனைவியிடம், "இஞ்சேரும், பஞ்சாங்கத்தை எடும்" என்றார்.

என்னை விசாரித்து யாராவது கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தால், ஈஸ்ட் ஹாமே கதவைத் திறந்து விலாசம் சொல்லும். மலையண்ணையை நினைத்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவரைக் கேட்டு யார் வந்தாலும் நான் கண்டதே இல்லை என்றுதான் சொல்வேன்.