அந்தாண்ட சாரும் என் சத்துணவுச் சாவியும்

உங்களுக்கெல்லாம் வேறு வேலை வெட்டியே கிடையாதா? இஸ்ரேல்காரர்களுக்கும் பாலஸ்தீனக்காரர்களுக்கும் நடக்கும் சண்டையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரிய வேண்டுமாம். அதைப் போயும் போயும் என்னிடமா கேட்பது? மூன்றாம் வகுப்பில் தோற்றுப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவள் நான். இருபது வருஷம் கழித்து அதே பள்ளிக்கூடத்துக்குக் கையில் கரண்டியோடு திரும்பி வந்தேன், சத்துணவு சமைக்க. படித்தவர்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள், அங்கே போய்க் கேளுங்கள். போக மாட்டீர்களா? சரி, உட்காருங்கள். நான் அசடு வழியும் இடங்களில் மட்டும் சத்தமாகச் சிரிக்கக் கூடாது.

கள்ளக்குறிச்சியில் தொடங்கி கல்வராயன் மலை உச்சி வரை சல்லடை போட்டுத் தேடினாலும் அந்தாண்ட சார் மாதிரி ஒரு தொல்லை பிடித்த மனிதர் அகப்பட மாட்டார். கடித்த நாய்க்கும் நியாயம் கேட்டவர் அவர். மெய்யாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் நைனார்பாளையம் போகிற வழியில் இருக்கிறது. நான் திரும்பி வருவதற்குள் உயர்நிலைப் பள்ளியாகிவிட்ட எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் வரலாறு, புவியியல் எடுத்தார். அவருடைய அசல் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். யார் போய் எந்தக் குறையைச் சொன்னாலும், மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார். "சரி, அந்தாண்ட இன்னா சொல்றாங்க?" அந்தப் பக்கத்து ஆள் என்ன சொல்கிறான் என்று அர்த்தம். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

ஒரு நாள் பள்ளிக்கூட பியூனை நாய் கடித்துவிட்டது. ரத்தம் வழிய நொண்டிக்கொண்டு வந்தான்.

"சார், நாய் கட்ச்சிட்சி சார்!"

"ஐயையோ, மொதல்ல சோப்பு போட்டுக் கழுவு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்க. போறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. அந்தாண்ட இன்னா? குட்டி போட்டிருந்துச்சா?"

பியூன் தலையைத் தொங்கப் போட்டான். குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடப் போனவன்தான் அவன்.

கத்தரிக்காய்க்காரியிடம் கறாராகப் பேரம் பேசி விலையை இறக்குவார். பிறகு வெயிலில் நிற்கும் அவள் பக்கத்துக்கு மாறி நின்று தனக்கு எதிராகத் தானே பேரம் பேசுவார். கடைசியில் அவள் முதலில் சொன்னதைவிட ஜாஸ்தி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்குவார்.

நானும் பட்டவள்தான். எனக்கும் பக்கத்து வீட்டுக் குப்புவுக்கும் வேலியோரத்து முருங்கை மரத்தில் பதினோரு வருஷச் சண்டை. மரம் என் பக்கம், கிளை அவள் பக்கம். இது நான் சொல்வது. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நானும் திறந்துவிடுவேன். சாரிடம் போய் மூக்கைச் சிந்தி முறையிட்டேன். முழுக்கக் கேட்டார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"அந்தாண்ட இன்னா சொல்றாங்கம்மா?"

அன்றிலிருந்து ஒரு மாசம் வாத்தியார்களில் அவருக்கு மட்டும் மோர் கொடுக்கவில்லை. மனிதர் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம் அது. சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே கிடத்தியிருந்தார்கள். பஸ் கிடையாது. போலீஸ் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். எதிரே வருகிறவன் சாப்பிட்டாயா என்று கேட்பதை விட்டு, நீ எந்தப் பக்கம் என்று கேட்டான். மேலத்தெருக்காரன் கீழத்தெரு டீக்கடையில் டீ குடிப்பதை நிறுத்தினான். அந்த டீக்கடை ரேடியோவில்தான் பாலஸ்தீனச் சேதி வந்தது. அங்கேயும் பையன்கள் கல்லெறிகிறார்கள், பட்டாளம் சுடுகிறது என்று.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டானாம். "சார், அவங்க எத்தினி பர்சென்ட் கேக்கறாங்க?"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம்தான். சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"பர்சென்ட் இல்லடா, வூடு கேக்கறாங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்த எங்க வூடுன்றாங்க. இத நான் ஒருத்தனா நின்னு சொன்னா பாதிதான் சொன்னதா ஆவும். நாளைக்கு நீங்களே சொல்லுங்க."

அன்று மத்தியானம் சமையல் கூடத்துக்கு வந்து ஒரு கை புளியங்கொட்டையும் சாமான் அறைச் சாவியையும் கேட்டார். சாவி என்றால் முழங்கை நீளத்துக்கு இரும்பு.

"சாவி எதுக்கு சார்?"

"ஒரு குடும்பத்துக்கு வூடு போயிடுச்சும்மா. சாவி மட்டும் கையில தங்கிடுச்சு."

சாருக்குச் சொந்தக்காரர் யாரோ வெள்ளத்தில் வீட்டை இழந்துவிட்டார்கள் என்று நினைத்து, கண் கலங்கி, "வச்சிக்கினு மெதுவா குடுங்க சார்" என்றேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டும்.

புளியங்கொட்டையைத் தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்தார். ஆளுக்கொன்று போட வேண்டும். கறுப்பு விழுந்தால் சாவிப் பக்கம், பாலஸ்தீனர். வெள்ளை விழுந்தால் பெட்டிப் பக்கம், யூதர். பெட்டி என்பது வாட்ச்மேனுடைய தகரப் பெட்டி. இப்படிப் போட்டதில் நிலத்துக்காரர் மகனும், அவர் நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டுகிறவர் மகனும் ஒரே பெட்டியில் உட்கார்ந்தார்கள். மளிகைக்கடை பீரான் பாயின் மகள் மும்தாஜுக்கும் வெள்ளை விழுந்தது.

"சார், நான் அந்தாண்ட மாத்திக்கவா?"

"மாத்திக்கத்தாம்மா போற, மூணு நாள் கழிச்சி. மொதல்ல இதுல குந்து."

சாவிப் பிள்ளைகளுக்கு அவர் சொன்னது: உங்கள் பாட்டன் அங்கேதான் பிறந்தான், அவன் வைத்த ஒலிவ மரம் அங்கே நிற்கிறது, சண்டையில் துரத்தப்பட்டு இன்றைக்குக் கூடாரத்தில் இருக்கிறீர்கள், வீட்டுச் சாவியை மட்டும் பாட்டன் மகனுக்கும் மகன் பேரனுக்குமாகக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். பெட்டிப் பிள்ளைகளுக்குச் சொன்னது: ஒவ்வொரு நாட்டிலும் உங்களைத் துரத்தினார்கள், குடும்பம் குடும்பமாகக் கொன்றார்கள், பெட்டியோடு போய் நின்ற இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள், தினமும் பிரார்த்தனையில் பெயர் சொன்ன முன்னோர் மண் அது ஒன்றுதான், வந்து சேர்ந்த பிறகும் சுற்றியிருப்பவர்கள் அழித்துவிடுவார்களோ என்று பயம்.

அதோடு ஒரு சட்டம். உன் நியாயத்தைப் பேசுவதற்கு முன்னால் எதிராளியின் நியாயத்தை நீ சொல்ல வேண்டும். அவன் "ஆமா, இதான்" என்று தலையாட்ட வேண்டும். தலை ஆடாவிட்டால் பெயில். முதல் நாள் முழு வகுப்பும் பெயில்.

"அப்ப ரெண்டு பேர் மேலயும் தப்பே இல்லியா சார்?" என்று ஒருவன் எரிச்சலோடு கேட்டிருக்கிறான்.

"எவன் சொன்னான் தப்பில்லன்னு? தப்பு மலையளவு இருக்குது. தீர்ப்பு எழுது, வேணான்னு சொல்லல. கேக்காம எழுதாத."

இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது சாவியைக் காணோம் என்பது மட்டும்தான். மூன்று நாளும் காலையில் கொடுத்து அடுப்பு மூட்டியதும் வாங்கிப்போனவர், பிள்ளைகளைப் பக்கம் மாற்றி உட்காரவைத்த நாலாம் நாள் கொடுக்க மறந்துவிட்டார். உலை கொதிக்கிறது, அரிசி பூட்டிய அறைக்குள்ளே. நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குப் பசி வேளை நெருங்குகிறது. ஈர விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்பதாம் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

தரையில் நீளமாக ஒரு சாக்பீஸ் கோடு. ஒரு பக்கம் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் பெட்டி மேல் ஏறி ஒருவன் கத்துகிறான், "எங்களுக்குப் போவ வேற எடமே இல்ல!" கோட்டுக்கு இந்தப் பக்கம் மும்தாஜ் என் சாவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். "இது எங்க வூடு! நாங்க எதுக்கு வெளிய போவணும்?"

உள்ளே போய் என்ன சங்கதி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் ஏன் நானாக இருக்கிறேன்? நேராகக் குழாயடிக்கு ஓடினேன். முருங்கைச் சண்டையையும் மறந்து குப்புவிடமே சொன்னேன்.

"அடியே, சார் புள்ளைங்கள ரெண்டா பிரிச்சிட்டாருடி! கோடு போட்டு வச்சிருக்காரு. பாதிப் பேர வெளிய போன்றாரு!"

சேதி குழாயடியில் கோடாக இருந்தது. டீக்கடைக்குப் போனபோது சுவராகிவிட்டது. மறியல் நடந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பள்ளிக்கூடத்துக்குள் முள்கம்பி போட்டுச் சாதி சாதியாக அடைத்திருக்கிறார்கள் என்று ஆகியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் மேலத்தெருவும் கீழத்தெருவும் பள்ளிக்கூட வாசலில் நின்றன. இரண்டு கூட்டமும் ஒரே குரலில் ஒரே கேள்வியைக் கேட்டன. "எங்க புள்ளைங்கள ஏன்யா கோட்டுக்கு அந்தாண்ட தள்ளுன?" சிலர் கையில் தடி இருந்தது. என் கையில் கரண்டி இருந்தது.

தலைமையாசிரியர் சாதாரண நாளிலேயே வியர்க்கிற மனிதர். "சார், எங்கனா மலைக்கு மாத்தல் கேட்டு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்று சாரிடம் கெஞ்சினார். "எனக்கும் நிம்மதி, ஊருக்கும் நிம்மதி."

பீரான் பாய் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்திருந்தார். "எம் பொண்ண யூதருக்குப் பேச வெச்சீங்களாமே சார்? நாளைக்கு நாலு பேரு என்னைக் கேப்பாங்களா, மாட்டாங்களா?"

"கேப்பாங்க பாய். அவளும் சொல்லுவா. நீங்களும் ஒருக்கா கேட்டுப் பாருங்க."

மும்தாஜ் முன்னால் வந்தாள். மூன்று நாள் உட்கார்ந்திருந்த பெட்டிப் பக்கத்தை முதலில் சொன்னாள். எந்தத் துறைமுகத்திலும் இறங்கவிடாத கப்பலில் இருந்த ஒரு பெண்பிள்ளை பேசுவதுபோலச் சொன்னாள். பிறகு சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு இந்தப் பக்கத்தைச் சொன்னாள். தடிகள் ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றி நின்றன.

பாய் மகள் தோளில் கை வைத்தார். "எம் மனசு சாவி பக்கந்தான் சார், அது மாறாது" என்றார். "ஆனா எம் பொண்ணு சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல."

புளியங்கொட்டையில் பிரித்தது என்று தெரிந்ததும் இரண்டு கூட்டமும் அசடு வழிந்தன. அசடு வழிந்த கூட்டம் அடுத்து என்ன செய்யும்? ஆள் தேடும். "எவண்டா சாதின்னு கெளப்பிவுட்டது?" எல்லோரும் குப்புவைப் பார்த்தார்கள். குப்பு, பதினோரு வருஷ முருங்கைக்காயையும் ஒரே விரலில் வைத்து என் பக்கம் நீட்டினாள். "இவதான்!"

நான் குண்டான் பின்னால் ஒளிந்தேன். குண்டான் என்னைவிடச் சின்னது. புளியங்கொட்டை என்னுடையது, சாவி என்னுடையது, வாயும் என்னுடையது. வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

சாரின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"இருங்க. அந்தாண்ட இன்னான்னு யாரும் கேக்கலியே. நான் சொல்றேன். ரோட்டுல மரம் கெடக்குது. ஊரே நீ எந்தப் பக்கம்னு கேட்டுக்கினு இருக்குது. அடுப்புல உலை கொதிக்குது, கண்ணுல பொகை. சாவிய நான் குடுக்கல. புள்ளைங்க பசியில கெடக்குமேன்னு ஒரு பொம்பள பதறிக்கினு வந்து பாக்கறாங்க, தரையில கோடு. இந்த வருஷத்துல அந்தக் கோட்ட வேற எப்படிப் பாக்கச் சொல்றீங்க? நானா இருந்தாலும் கொழாயடிக்குத்தான் ஓடியிருப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரியா சொன்னனாம்மா?"

நான் தலையாட்டினேன்.

கட்டிய புருஷன்கூட எனக்காக இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுப்பு அணைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

கூட்டம் கலைந்துவிட்டது. ஆனால் தலைமையாசிரியர் பயத்தில் அதற்குள் சாரை மாற்றச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதி அனுப்பிவிட்டிருந்தார். நான் போய், "தப்பு எம்மேல சார், என்ன வேணா வெளிய அனுப்புங்க" என்று நின்றேன். "காயிதம் போயிடுச்சும்மா" என்றார் அவர், வியர்வையைத் துடைத்தபடி. ஒரே மாசத்தில் சாருக்குக் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அவர் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் ஒரு சொம்பு மோரோடு போய் நின்றேன்.

"என்னால மலைக்குப் போறீங்களே சார்."

"அந்தாண்ட இன்னா சொல்றாங்கன்னு பாருங்கம்மா. அங்க புள்ளைங்களுக்கு ரெண்டு வருஷமா வரலாறு வாத்தியாரே இல்லியாம்." மோரைக் குடித்து முடித்துவிட்டு, "கொஞ்சம் புளியங்கொட்டை இருக்குமா?" என்றார்.

மடியிலேயே முடிந்து கொண்டுபோயிருந்தேன்.

அங்கிருந்து நேராகக் குப்பு வீட்டுக்குப் போனேன். வேலியைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகப் போனேன், பதினோரு வருஷத்தில் முதல் தடவை. "சொல்லுடி, நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். அவள் சந்தேகமாகத்தான் ஆரம்பித்தாள். தலைப்பிரசவத்தின்போது அவளைப் பார்க்க வந்த அவள் அம்மா ரிஷிவந்தியத்திலிருந்து வெட்டிக் கையில் பிடித்து வந்து வேலியோரம் ஊன்றிய முருங்கைப் போத்தாம் அது. அந்தப் பிள்ளையும் தங்கவில்லை, அடுத்த வருஷம் அம்மாவும் இல்லை. மரம் ஒன்றுதான் மிச்சம். அவள் சொன்னதை நான் அவளிடமே திருப்பிச் சொன்னேன்.

மறுநாள் குழாயடியில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அப்ப மரம் யாருதுன்னு முடிவாச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவல. கிளை இன்னும் அவ பக்கம், சண்ட இன்னும் பாக்கி இருக்குது" என்றேன், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "ஆனா அவ நாயத்த நான் சொன்னேன், அவ தலையாட்டிட்டா. மூணாங்கிளாஸுல பெயிலானவ நேத்து பாஸாயிட்டேன்டி. மார்க்கு போடத்தான் எங்க சாரு ஊருல இல்ல."