கல்யாண விருந்தில் யார் வீட்டு ஷாம்பெய்ன்?

வெர்னிசே,
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய ஒர்த்தான்ஸ் அக்காவுக்கு,

உன் தம்பி ஆன்செல்ம் வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலியும் பிரிட்டானியின் கடற்காற்றும் ஒன்றோடொன்று சமாதானமாகப் போகின்றன என்று நம்புகிறேன். இங்கே திராட்சைக் கொடிகள் சுகம். நானும் சுகம் என்றே வைத்துக்கொள். என் மனைவி மார்த் சுகமா என்பது அவள் என்னோடு பேச ஆரம்பித்த பிறகுதான் தெரியும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய்.

விஷயம் இதுதான். நாளை மறுநாள் நடக்க வேண்டிய என் மகள் சொலேனின் கல்யாணம் நடக்குமா என்று தெரியவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் நேற்றே காரில் ஏறிப் போய்விட்டார்கள். நீ அவளுக்கு ஞானத்தாய். நீ சொன்னால் கேட்பாள். "வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேள்" என்று அவளிடம் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யார் பக்கம் நியாயம் என்பதை முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய். என் பக்கம்தான்.

மாப்பிள்ளை மத்துரேன் தங்கமான பையன். உன் ஊர்த் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கிறான், திராட்சை என்றாலே தலைதெறிக்க ஓடுகிறான், அந்த வீட்டில் பிறந்தால் யார்தான் ஓடமாட்டார்கள்? வில்லங்கமெல்லாம் அவன் அப்பன், எதிர்வீட்டு ஃபுல்ஜான்ஸ். விருந்து பற்றிப் பேச வந்தான், முயல் கறிக்குத் தலையாட்டினான், பாலாடைக்கட்டிக்குத் தலையாட்டினான், மேளக்காரர்களுக்குக்கூடத் தலையாட்டினான், கோப்பை என்ற பேச்சு வந்ததும் கழுத்து பிடித்துக்கொண்டது.

"ஊத்தறது நம்ம வீட்டு ஷாம்பெய்ன்தானே, சம்பந்தி?" என்றான்.

"நம்ம வீடுன்னா?"

"எங்க வீடு."

"பொண்ணைப் பெத்தவன் நான் உசிரோட இருக்கறப்பவா?"

"அதுக்குத்தான் சொல்றேன். விருந்துக்கு வர்றவங்களும் உசிரோட வீடு போய்ச் சேரணும்ல?"

நம் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. அறுவடையில் ஊரே ஒரே கூட்டுறவு ஆலையில் திராட்சையைக் கொட்டுகிறோம், ஒரே இயந்திரத்தில் பிழிகிறார்கள், ஒரே தொட்டியில் விடுகிறார்கள், அவரவர் பங்குக்குப் பாட்டில்கள் அம்மணமாகத் திரும்பி வருகின்றன, அவரவர் பெயர் போட்ட லேபிளை அவரவர் ஒட்டிக்கொள்கிறோம். என் லேபிளில் தங்க எழுத்தும் ஒரு கோட்டையும் இருக்கும். நமக்குக் கோட்டை கிடையாது, ஆனால் கோட்டை இருக்கிற ஊர் பக்கத்தில்தானே இருக்கிறது? தொட்டி விஷயத்தை வெளியூர்க்காரரிடம் யாரும் சொல்வதில்லை. வர வர எங்களுக்குள்ளும் சொல்லிக்கொள்வதில்லை. பெல்ஜியத்திலிருந்து வருகிறவர்கள் என்னிடம் ஒரு கோப்பை, எதிரே அவனிடம் ஒரு கோப்பை குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, வித்தியாசம் தெரிகிறது" என்கிறார்கள். எல்லாம் படித்தவர்கள். அவர்களுக்கே தெரிகிறபோது எனக்குத் தெரியாதா? என் தோட்டச் சரிவின் சுண்ணாம்பு மண் அந்தத் தொட்டிக்குள் எந்த மூலையில் நிற்கிறது என்று என் நாக்கு சொல்லும்.

மேயரம்மா பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார். பாவம், நல்லெண்ணம்தான். "லேபிளே இல்லாம ஊத்திடுங்களேன், எப்படியும் எல்லாம் ஒரே…" என்று ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் ஒன்றாக எழுந்து நின்றோம். "ஒரே என்னம்மா?" என்று கேட்டான் ஃபுல்ஜான்ஸ். "கௌரவமானவங்களைக் கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்தறீங்களா?" என்றேன் நான். அந்த ஒரு நிமிடம் அவனை எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிவாயிற்று. மேயர் அலுவலகத்து நிலவறையில் இடது சுவர் ஓரம் அவன் பாட்டில்கள், வலது சுவர் ஓரம் என்னுடையவை.

முடிவாயிற்றே தவிர, எனக்கு மனசு ஆறவில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் அவன் பெயரைப் படித்துக்கொண்டே என் மகளை வாழ்த்துவார்களே! நேற்று மதியம் கிளம்பினேன். அந்த நேரத்தில் நம் ஊரில் பூனைகூடச் சாப்பாட்டு மேசையை விட்டு நகராது. ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் பசை, ஒரு கட்டு லேபிள், அவ்வளவுதான். போனால் நிலவறைக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே ஃபுல்ஜான்ஸ், முழங்கை வரை பசையோடு, என் பாட்டில்களில் என் கோட்டையை உரித்துவிட்டு அவன் பெயரை ஒட்டிக்கொண்டிருக்கிறான். திருட்டுப்பயல், அக்கா! சுத்தத் திருட்டுப்பயல்!

"யோவ், என்னய்யா பண்றே?"

"நீ எதுக்கு வாளியோட வந்தே? செடிக்குத் தண்ணி ஊத்தவா?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. இடது சுவர்ப் பக்கம் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். முதுகோடு முதுகாக இருவரும் வேலையை முடித்தோம். முடித்து நிமிர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது: அவன் ஒயின் முழுவதும் என் பெயரில், என் ஒயின் முழுவதும் அவன் பெயரில்.

"உன் சரக்குல என் பேரைப் போட்டு ஊருக்கு ஊத்தச் சொல்றியா? என் மானம் என்னத்துக்கு ஆகறது?" என்றேன்.

"என் பேர் போட்ட பாட்டில்ல இருக்கறது உன் கழனித்தண்ணி. அதை நான் வேற குடிக்கணுமா? உரிய்யா!"

"நீ முதல்ல உரி!"

சட்டையைப் பிடித்துக்கொண்டோம். பசை என்பதால் விடவும் முடியவில்லை. அப்போதுதான் வாசலில் பூச்சாடியோடு சொலேன், பின்னால் மத்துரேன். நாங்கள் போட்ட சத்தத்தில் ஊரே சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து நின்றது.

"கல்யாணம் எனக்கா, உங்க லேபிளுக்கா?" என்று கேட்டாள். "எல்லாம் ஒரே தொட்டிப்பா! ஒரே தொட்டி!"

அத்தனை பேர் முன்னால், அக்கா! அந்த வார்த்தையை! கூட்டத்தில் ஒரு பெல்ஜியக்காரர் வேறு நின்றுகொண்டிருந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? "என் பொண்ணா இருந்தா இப்படிச் சொல்லமாட்டே" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சாடியைக் கீழே வைத்தாள். "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். மத்துரேன் அவன் அப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வா, சொலேன்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் சொன்னதில் என்ன தப்பு? கோபத்தில் எந்த அப்பன்தான் பேசவில்லை? இன்று காலையில் அவள் அறைக்குள் போனேன். அலமாரியில் கல்யாண உடை இல்லை, ஹேங்கர் மட்டும் தொங்கியது. அழுகை வந்துவிட்டது, இதை நீ யாரிடமும் சொல்லாதே, குறிப்பாக ஃபுல்ஜான்ஸிடம். ஆனாலும் நான் இறங்கி வரப்போவதில்லை. தப்பு அவளுடையது, முதலில் அவள் கேட்கட்டும் மன்னிப்பு. நீ ரயில் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யாதே.

நம் கொடிகளைக் காக்கிற புனித வின்சென்ட் உன் முழங்காலையும் காக்கட்டும். உன் பக்கத்து வீட்டு விதவையம்மாவுக்கு என் வணக்கம். மார்த் சமையலறையிலிருந்து எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அதை அன்பாகவே எடுத்துக்கொள்.

என்றும் உன் சொல் தட்டாத தம்பி,
ஆன்செல்ம்

பி.கு.: இன்று சனிக்கிழமை. நேற்று தபால் அலுவலகம் பூட்டியிருந்ததால் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. சற்றுமுன் நீ அனுப்பிய படம் வந்தது. மத்துரேன் குடியிருக்கிற ஊர் என்பதால் கல்யாண அறிவிப்பை அங்கேயும் ஒட்டியிருந்தார்கள், அங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. உன் ஊர் மேயர் அலுவலக வாசலில், நடுவில் சொலேன் அந்தக் கல்யாண உடையில் மத்துரேனோடு நிற்கிறாள். ஒரு பக்கம் தொப்பி வைத்துக்கொண்டு நீ. மறுபக்கம், தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நேற்றுக் கிளம்பிப் போன என் மார்த். அவளுக்குப் பக்கத்தில் ஃபுல்ஜான்ஸின் பெண்டாட்டி. எல்லார் கையிலும் உங்கள் ஊர் ஆப்பிள் மது, சைடர்.

மன்னிப்பு பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. யார் யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதை எப்படிக் கேட்பது என்று மட்டும் நீ எழுது.

ஃபுல்ஜான்ஸ் அதே படத்தோடு தெருவைக் கடந்து வந்தான், என் சமையலறையில் உட்கார்ந்தான். "நல்லவேளை, உன்னோடதை ஊத்தலே" என்றான் கடைசியில். "உன்னோடதையும்தான்" என்றேன். நிலவறையிலிருந்து கைக்கு வந்த பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து திறந்து குடித்தோம். யார் பெயர் போட்டது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. ஆனால் கசந்தது அக்கா, ரொம்பக் கசந்தது. அதனால் அது அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும்.