லேப்டாப்புக்குத் தண்ணி காட்டிய கதை

எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. பெருமைக்காகச் சொல்லவில்லை, தாசில்தார் முத்திரை குத்திச் சான்றிதழே கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதம் கைக்கு வந்த நாளோடு ‘தெரியாது’ என்று சொல்லும் உரிமையை இழந்துவிட்டேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து ஓடாத மிக்சி வரைக்கும் என்னிடம்தான் வரும். (நான் படித்தது பி.எஸ்சி. தாவரவியல்.)

அப்படித்தான் பெரியப்பாவுக்கு லேப்டாப் வாங்கித் தரும் பொறுப்பும் வந்தது.

அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு லேப்டாப் எதற்கு? செவலைக்கு. அது அவருடைய ஜல்லிக்கட்டுக் காளை. இப்போது வாடிவாசலில் மாடு அவிழ்க்க, இணையத்தில் பதிந்து டோக்கன் வாங்க வேண்டும். முந்தைய வருடம் கறம்பக்குடி கம்ப்யூட்டர் சென்டரில் வரிசையில் நின்று, முறை வருவதற்குள் இடம் தீர்ந்துபோனது. செவலை அந்தப் பொங்கலைக் கொட்டகையிலேயே கழித்தது. “அண்ணே, ஒங்களோடது கட்டுத்தறிக் காளையில்ல?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டுவிட்டார். அன்று பெரியப்பா வீட்டுக்கு வந்து சொன்னார்: “அடுத்த தடவையும் இப்புடின்னா செவலைய வித்துப்புடுவேன்.” கன்றிலிருந்து அதை வளர்த்த பெரியம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

“போன்ல எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அப்பு, பெருசா ஒண்ணு வாங்கு, நம்மளே பதிஞ்சுக்கிருவோம்” என்றார் பெரியப்பா.

நான் முப்பது வீடியோ பார்த்தேன். தனி நோட்டுப் போட்டேன். அதில் கனம், நிறம், திரையின் பளபளப்பு என்று கட்டம் கட்டி மதிப்பெண் வேறு.

புதுக்கோட்டைக் கடையில் பெரியப்பா இரண்டே நிபந்தனை சொன்னார்: எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும், கரண்ட் போனாலும் தாங்க வேண்டும். பெரியம்மா கேள்வி கேட்டார்.

“ஏம்பா, நம்ம ஊர்லதான் நெட்டு இல்லையே. அப்ப இது என்னா செய்யும்?”

“சும்மா இருக்கும் பெரியம்மா.”

“ரொம்ப நாள் சும்மா இருந்துட்டு, திடீர்னு நெட்டக் கண்டா?”

நான் சிரித்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. “அம்மா சரியாத்தான் கேக்குறாங்க. அப்டேட்ட நிப்பாட்டி வச்சுத் தரவா சார்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியும்” என்றேன். (தெரியாது.)

“பி.எஸ்சி.ங்க” என்றார் பெரியப்பா, கடைக்காரருக்கு ஆறுதல் சொல்வதுபோல.

இருந்ததிலேயே மெலிதாக, மலிவாக, வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்தேன்.

இரண்டு மாதம் அது தங்கமாக இருந்தது. பெரியம்மா துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்தார். பெரியப்பா ஒற்றை விரலால் ‘செவலை’ என்று அடித்துப் பழகினார். காளையோடு அவர் நிற்கும் படம், மாட்டு டாக்டர் சான்று, ஆதார் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றி வைத்தேன்.

பதிவு நாள் வந்தது. காலை பத்து மணிக்குத் திறப்பார்கள். எங்கள் ஊரில் நெட் சிக்னல் கிடைப்பது கண்மாய்க் கரையில் மட்டும். ஒன்பதரைக்கே போய், சாந்துச்சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, என் போனிலிருந்து நெட்டைக் கொடுத்தேன்.

பக்கம் திறக்கவில்லை. மூலையில் ஏதோ சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒன்பது நாற்பதுக்குப் போனில் செய்தி: இன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்தது. ஒன்பது நாற்பத்தைந்துக்கு முழுதும் தீர்ந்தது. பெரியம்மாவின் போனை வாங்கி இணைத்தேன். அதையும் ஐந்தே நிமிடத்தில் விழுங்கியது.

“என்னாடா, தின்னுக்கிட்டே இருக்கு?” என்றார் பெரியப்பா.

எது நின்றாலும் நான் செய்யும் ஒரே வைத்தியம் உண்டு: அணைத்துப் போடுவது. செய்தேன். திரை நீலமானது. புதுப்பித்துக்கொண்டிருக்கிறதாம், மூன்று சதவீதம் ஆகியிருக்கிறதாம், அணைக்கக் கூடாதாம்.

“என்னா போட்டுருக்கு?”

“அணைக்காதீங்கன்னு போட்டுருக்கு பெரியப்பா.”

“மணி பத்தாகப் போகுதுடா!”

பத்து. பதினோரு சதவீதம். என் போனில் முயன்றேன். சக்கரம் மட்டும் சுற்றியது. படங்களும் அந்த நீலத் திரைக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. பத்து ஐந்து. முப்பது சதவீதத்தில் வந்து நின்றது, அசையவில்லை. பெரியப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் கொட்டகை இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா எழுந்தார். அசல் காகிதங்களும் படமும் அவர் மஞ்சப்பையில் இருந்தன. (எதற்கு இந்தப் பழைய பை என்று காலையில் கிண்டல் செய்தவன் நான்தான்.)

“நாலு நாள் தண்ணி காட்டாத மாட்டக் கண்மாய்க்கு ஓட்டியாந்தா, அது தண்ணிதான் குடிக்கும். ஓஞ்சொல்லையா கேக்கும்?” என்று சொல்லிவிட்டு, கரையில் வந்த பால்காரர் வண்டியை மறித்து ஏறிக் கறம்பக்குடிக்குப் போய்விட்டார்.

நானும் பெரியப்பாவும் அணைக்கவும் பயந்து, அந்த நீலத் திரைக்குக் காவல் இருந்தோம். பதினொன்றேகாலுக்கு நூறு சதவீதம் வந்தது. ‘வருக’ என்றது. உடனே சார்ஜ் தீர்ந்து இருண்டது.

பன்னிரண்டு மணிக்குப் பெரியம்மா திரும்பினார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பெரியப்பா மடியில் வைத்தார். பதிந்தாகிவிட்டது.

“வரிசை இல்லையா?” என்றேன்.

“முப்பது பேரு நின்னாய்ங்க. எங்க பி.எஸ்சி. லேப்டாப்பு வாங்கிக் குடுத்துச்சு, அது கண்மாயில நெட்டக் குடிச்சுக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குதுன்னேன். சிரிச்சுச் சிரிச்சு, ‘ஆத்தா, நீ முன்னால போ’ன்னுட்டாய்ங்க.”

அந்த முப்பது பேரும் முப்பது ஊர்க்காரர்கள். நான் தலைகாட்டும் இடங்களில் எனக்கு முன்பாகவே அந்தக் கதை போய் உட்கார்ந்திருந்தது.

செவலை அந்தப் பொங்கலுக்குப் பிடிபடாமல் வெளியேறியது. பெரியப்பா டீக்கடைக்குத் தினமும் இரண்டு தடவை போகிறார். எனக்கு மட்டும் ஒரு வேலை நிரந்தரமானது. ஞாயிற்றுக்கிழமைதோறும் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோய், அது போதும் என்கிறவரை நெட்டைக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து பீரோவில் கட்ட வேண்டும்.

போன வாரம் என் மாமனார் போன் செய்தபோது, கல்யாணமாகி வந்து மூன்று மாதமே ஆன என் மனைவி சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள்: “அவுக இல்லப்பா. லேப்டாப்புக்குத் தண்ணி காட்டப் போயிருக்காக.”