டாங்கோவில் வந்த சீப்பு

பொருள் தெரியாத மொழியில் காதலைச் சொல்லக்கூடாது. இத்தாலியில், பலெர்மோ நகரில் எனக்கு முன்னால் யாராவது இதைக் கண்டுபிடித்திருக்கலாம். என்னிடம் சொல்லவில்லை.

அப்போது நான் ஒரு வயதான சிஞோரா அம்மாவின் வீட்டில் வேலை பார்த்தேன். அர்ஜென்டினாவில் பிறந்து வளர்ந்தவர். மாலையானால் பழைய டாங்கோப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் கண் கலங்குவார். ஸ்பானிய மொழிப் பாட்டு. (எனக்கு இத்தாலிய மொழியே அரைகுறை.) "அமோரே?" என்று கேட்டேன், காதலா என்று. "அமோரே, அமோரே!" என்று நெஞ்சில் கை வைத்தார். அது போதுமாக இருந்தது. தரையைத் துடைத்தபடியே பாட்டை மனப்பாடம் செய்தேன்.

காரணம் ஜெனிற்றா. பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடையில் வேலை செய்த மன்னார்ப் பெண். அதுவரை அவளோடு நான் கதைத்ததெல்லாம் பருப்பைப் பற்றித்தான்.

அவளுடைய தம்பி முதன்முறை நற்கருணை வாங்கிய முதல்நன்மை விருந்துக்கு ஊரையே கூப்பிட்டிருந்தார்கள், என்னையும் சேர்த்து. மாதா கோயில் மண்டபத்தில் மைக் சும்மா கிடந்தது. எடுத்தேன். அவளையே பார்த்து, கண்ணை மூடவேண்டிய இடங்களில் மூடி, முழுவதையும் பாடினேன். எல்லோரும் மரியாதைக்குக் கைதட்டினார்கள். இத்தாலியரான பங்குத்தந்தை மட்டும் அழுதார். இளமையில் அவர் அர்ஜென்டினாவில் ஊழியம் செய்தவராம். எனக்கு எப்படித் தெரியும்?

ஜெனிற்றாவின் தகப்பன் அவரிடம் பொருள் கேட்டார். பங்குத்தந்தை எளிய இத்தாலிய மொழியில் வரிவரியாகச் சொன்னார்: நீ என்னை விட்டுப் போய்விட்டாய். கட்டிலில் உன் பக்கம் குளிர்ந்து கிடக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் உன் சீப்பு இன்னும் இருக்கிறது. திரும்பி வா, எல்லாவற்றையும் மன்னிக்கிறேன்.

தகப்பன் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, என்ன சீப்பு?"

"அங்கிள், அது சும்மா பாட்டு..."

"மோளைப் பாத்துத்தானே பாடினனீர்?"

"ஓம், ஆனா..."

ஜெனிற்றா குறுக்கே வந்தாள். "அப்பா, என்ரை சீப்பு வீட்டிலைதான் கிடக்கு."

உதவி செய்யத்தான் சொன்னாள். அதுவரை கவனிக்காதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பங்குத்தந்தை என் தோளைத் தட்டி, "அவள் திரும்பி வருவாள், மகனே" என்றார்.

மறுநாள் தகப்பன் என் அறைக்கே வந்துவிட்டார். வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், குகன் அண்ணை உட்பட நண்பர்கள் சிலரோடு தங்கியிருந்தேன். கண்ணாடிக்கு முன்னால் ஒரு சீப்பு இருந்தது. ரோஸ் நிறம்.

"இது ஆரின்ரை?"

"குகன் அண்ணையின்ரை."

அந்த நேரம் பார்த்துக் குகன் அண்ணை குளியலறையிலிருந்து வந்தார். அவருக்குத் தலையில் முடியே இல்லை. (தாடிக்கு வைத்திருந்தாராம். தகப்பன் போன பிறகுதான் சொன்னார்.)

கதை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. அரிசி வாங்க வந்தவர்கள் ஜெனிற்றாவிடம், "ஏன் பிள்ளை அவனை விட்டிட்டுப் போனனி?" என்று கேட்டார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்றே கடைக்குப் போனேன்.

"விளங்காமல் பாடிப்போட்டன். மன்னியுங்கோ."

"விளங்கியிருந்தா என்னத்தைப் பாடியிருப்பீங்கள்?"

பருப்புப் பைகளைப் பார்த்துக்கொண்டு, மனதில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். ராகம் எதுவும் இல்லாமல்.

அவள் ஒரு பருப்புப் பையை எடுத்து நேராக வைத்தாள். பிறகு, "இதை முதலே சொல்லியிருக்கலாம். அப்பாவோடை நான் கதைக்கிறன்" என்றாள்.

கதைத்தாள். அவர் ஓம் சொல்லத்தான் நெடுநாள் எடுத்தார்.

இப்போதும் எந்த விருந்திலாவது மைக் என் பக்கம் வந்தால், மாமா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வருவார். மைக்கை வாங்கிக்கொண்டு சபைக்கு அறிவிப்பார்: "மருமோனுக்குத் தொண்டை சரியில்லை."

எனக்கு ஏதோ தீராத வியாதி என்றுதான் என் பிள்ளைகள் இன்றுவரை நம்புகிறார்கள்.