மாடி வீட்டுக்குப் பதினொரு பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு வீட்டில் நான்கு மின்விசிறிகள் இருந்தன என்று ஒருவர் சொல்கிறார், மூன்றுதான் இருந்தன என்று இன்னொருவர் சொல்கிறார், இரண்டு பேருமே பொய் சொல்லிப் பழகாதவர்கள் என்றால், நான்காவது விசிறி எங்கே போனது? எனக்கு இன்றுவரை விடை தெரியாது. நலம் விசாரிப்பதற்கு முன்பே விசிறியைப் பற்றிக் கேட்கிறாளே என்று நினைக்காதே. நீ, உன் மனைவி, குழந்தைகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை, நீ போன் செய்து நாளாகிறது. இங்கே நான் நலம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி. அதை நலத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்டேன். "சேத்துக்கோ, பழகிடுச்சு" என்றார்.

விசிறியை நீ மறந்திருக்க மாட்டாய். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மாடியைக் காலி செய்த அன்று நீ ராத்திரி பஸ் பிடித்து வந்து, குளிக்கக்கூடச் செய்யாமல், நடு மாடிப்படியில் நின்று எனக்கும் அவருக்கும் பஞ்சாயத்து செய்தாயே, அந்த விசிறிதான். நான் எதைக் காட்டினாலும் அவர் ஒரே பதில்தான் சொன்னார்: "அது நாங்க வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு." தொட்டியில் விரிசல், வரும்போதே அப்படித்தான். அலமாரிக்குக் கைப்பிடி இல்லை, வரும்போதே அப்படித்தான். கடைசியில் விசிறி இல்லாத கொக்கியைக் காட்டினேன். அதுவும் வரும்போதே கொக்கியாகத்தான் இருந்ததாம். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர் இப்படிச் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது? நீ இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த வீட்டை வித்துத் தொலைச்சிடலாம், பில்டர் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றாய். பில்டருக்கு மாடி மட்டும் போதாது, நம் இருவர் பேரிலும் இருக்கிற முழு மனையும் வேண்டும். மேலே போனால் கீழே நான் இருக்கும் வீடும் போகும். நான் இன்னும் ஒரே ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கிறேன், அவர்களோடு ஒரு தகராறு வந்தாலும் நீ நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். நீ சிரித்துக்கொண்டே சம்மதித்தாய். அந்தச் சிரிப்பும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தம்பி, நான் மனிதர்களை நம்புகிறவள் இல்லை, என்னையும் சேர்த்துத்தான். எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குள் கண்ணாடிக் குடுவைக்காகச் சண்டை வருவதே இல்லை. அவர்கள் நல்லவர்கள் என்பது அதற்குக் காரணம் இல்லை. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறோம், அவ்வளவுதான். அதையே மாடிக்கும் செய்தேன். ஒரு விடுமுறை முழுவதும் உன் அத்தான் டேப்பைப் பிடிக்க நான் குறிப்பெடுத்தேன். வெறுமனே "குழாய் ஒன்று, கதவு ஒன்று" என்று எழுதினால் அது மளிகைச் சிட்டை. ஒவ்வொரு பொருளும் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எழுதினேன். சமையலறைக் குழாய்: மூடிய பின்னும் சொட்டும். அழைப்பு மணி: முதல் அழுத்தலுக்கு ஒலிக்காது, இரண்டாவதற்கு ஒலிக்கும். படுக்கையறைக் கதவு: திறக்கும்போது கிறீச்சிடும். குளியலறைக் கதவு: தோளால் தள்ளினால் மூடும். கூடத்துச் சுவர்: ஈரக்கறை, போட்டோ இணைக்கப்பட்டுள்ளது. பதினொரு பக்கம் வந்தது. உன் அத்தான் படித்துப் பார்க்காமலே பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இது வீட்டுப் பட்டியலா, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டா?" என்றார். டேப் பிடிக்கிறவர்களுக்குக் கருத்து இருக்கக்கூடாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

குடிவந்தவர் அருங்காட்சியகத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவர். உடைந்த பானை, மூக்கில்லாத சிலை இவற்றையெல்லாம் மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். பட்டியலோடு வீடு முழுக்க நடந்தோம். ஒவ்வொரு வரியையும் தொட்டுப் பார்த்து, மணியை இரண்டு முறை அழுத்தி, கறையைப் போட்டோவோடு ஒப்பிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். "இவ்வளவு நேர்த்தியான பட்டியலை நான் எங்க ஆபீஸ்லகூடப் பாத்ததில்ல மேடம்" என்றார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பலன் உடனே தெரிந்தது. குடிவந்த புதிதில் அவர் மனைவி கீழே வந்து, "அக்கா, ஜன்னல் கண்ணாடியில ஒரு கீறல் இருக்கு, நாங்க பண்ணல" என்றார். முன்பு என்றால் இதற்கே நீ பஸ் ஏறியிருப்பாய். நான் ஆறாம் பக்கத்தைத் திறந்தேன். கீறல் இருந்தது, இடது மூலையில், அவர் சொன்ன அதே இடத்தில். "ஆமா, பழசுதான்" என்றேன். டீ குடித்துவிட்டுப் போனார். அப்புறம் ஒருநாள், பரணில் பெட்டி ஏற்றும்போது விசிறி இறக்கை ஒன்று வளைந்துவிட்டது. கணவரே இறங்கி வந்து, "பட்டியல்ல நேரா இருக்குன்னு இருக்கு மேடம், இப்ப வளைஞ்சிருக்கு, தப்பு எங்களோடது" என்று சொல்லி மாலைக்குள் மாற்றிவிட்டார். யாரும் குரலை உயர்த்தவில்லை. என் பொருளுக்கும் பாதுகாப்பு, அவர் மீதும் வீண்பழி இல்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று நீ கேலி செய்தாயே, பார்த்துக்கொள்.

இடையில் சில சின்ன விஷயங்கள் நடந்தன. மறைத்தேன் என்று வரக்கூடாது என்பதால் எழுதுகிறேன். ஒருநாள் காலை நான் கல்லூரிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது மேல்வீட்டுக்காரர் முகம் வெளிறி இறங்கி வந்தார். "மேடம், ஒரு நிமிஷம். சமையலறைக் குழாய் நின்னுபோச்சு." "தண்ணி வரலையா?" என்றேன். "வருது மேடம். மூடினா நின்னுடுது." "நல்லதுதானே?" "எப்படி மேடம் நல்லது? நாலாம் பக்கத்துல சொட்டும்னு இருக்கே, நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே!" எனக்கு முதல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவர் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் நான் திரும்பும்போது பிளம்பர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். "அம்மா, எவ்வளவோ வீடு பாத்துட்டேன். ஒழுகுறத நிறுத்தத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. நின்னதை ஒழுக வைக்கச் சொன்னது இவர் ஒருத்தர்தான். அந்தம்மா போட வச்சிருந்த புது வாஷரைக் கழட்டிட்டுத் தேஞ்சதாப் பாத்துத் தேடிப் போட்டேன். மேல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" நல்லா இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவர் மனைவி கீழே வருவது அதிகமாயிற்று. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்தால் உட்காரக்கூட மாட்டார், நின்றபடியே பேசுவார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. மியூசியத்துல சிலைக்குப் புதுசா மூக்கு வச்சா வேலை போயிடும், சரி. அந்தப் பயத்தை வீட்டுக்கும் தூக்கிட்டு வந்தா? எங்க படுக்கையறைக் கதவுக்கு நான் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அதுக்குப் பஞ்சை வச்சு கீல் கீலாத் துடைக்கிறார். ரெண்டு நாள் என்கூடப் பேசல. அந்த ரெண்டு நாளும் நிம்மதியா இருந்துச்சு, அதை விடுங்க. எங்க அண்ணன் வந்து காலிங்பெல்லைச் சரி பண்ணிட்டுப் போனான். அதை மறுபடி கெடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை பூரா ஸ்டூல் மேல நின்னார். வெயில் காலத்துல சுவத்துக் கறை காயுதுன்னு, துணி தேய்க்கிற ஸ்பிரேயை எடுத்துக்கிட்டு, கையில உங்க போட்டோவை வச்சுக்கிட்டு, ஓரம் பாத்துப் பாத்துத் தண்ணி அடிக்கிறார் அக்கா! செடிக்கு ஊத்தினாலாவது ஒரு பூ பூக்கும்."

நான் சற்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று நீ சொல்லக்கூடாது. ஆனால் நாம் குடியிருப்பவரிடம் கேட்டது என்ன? கொடுத்தது கொடுத்தபடி இருக்க வேண்டும் என்பதுதானே? அதை இவரைவிட யாரால் செய்ய முடியும்? கண்ணாடிக் கடைக்காரர் இருந்ததை இல்லை என்றார். இவரோ இல்லாமல் போனதைக்கூட இருக்க வைக்கிறார். இரண்டில் எது தேவலை என்று நீயே சொல். உன் அத்தானிடம் இதைச் சொன்னபோது அவர் செய்தித்தாளைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார். அவர் முகம் தெரியவில்லை. அதை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். நாளைக் காலை பட்டியலோடு வீட்டை ஒப்படைக்கிறார். பதினொரு பக்கமும் வரிக்கு வரி பொருந்தும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குச் சந்தேகம் இல்லாத விஷயங்கள் எவ்வளவு குறைவு என்று உனக்குத் தெரியும். அட்வான்ஸை அப்படியே திருப்பிக் கொடுக்கப்போகிறேன். ஒரு வருடம், ஒரு குடும்பம், ஒரு வாக்குவாதம்கூட இல்லை. ஆகவே நம் பேச்சுப்படி நீ பில்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. தயங்கித் தயங்கிச் சொல்லாதே, ஒரே வார்த்தையில் சொல். அதோடு உன் சிநேகிதர்கள் யாராவது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தால் என் பட்டியலைக் காட்டு. பொருளை மட்டும் எழுதாமல் அதன் நிலையையும் எழுதச் சொல், போட்டோ எடுக்கச் சொல், இரண்டு தரப்பும் சேர்ந்து நடந்து பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல். சாட்சிக்காரன் காலில் விழவேண்டாம், சண்டைக்காரன் காலிலும் விழவேண்டாம், காகிதத்தின் காலில் விழுந்தால் போதும்.

குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், படிக்காவிட்டாலும் நன்றாகத் தூங்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும், முடிந்தால் இந்த வரிசையிலேயே, கிடைக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு. கடிதத்தை நேற்று ஒட்டாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பட்டியல் வரிக்கு வரி பொருந்தியது. கடைசிப் பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாடகைக்கு வீடு பார்க்க ஒரு பெண்மணி வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளராம். மணியை ஒருமுறை அழுத்திவிட்டு, ஒலிக்கவில்லை என்றதும் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பெருமையோடு பட்டியலை அவர் கையில் கொடுத்தேன். பதினொரு பக்கத்தையும் நின்றபடியே படித்தார்.

"இத்தனை ரிப்பேர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சதாலதான் எழுதியிருக்கேன்."

"எழுதின நேரத்துல சரி பண்ணியிருக்கலாமே?"

மேல்வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "மேடம், வருஷம் பூரா இதுல ஒண்ணுகூட மாறாம நான் பாத்துக்கிட்டேன்" என்றார்.

"எதுக்கு?" என்றார் அந்தப் பெண்மணி. கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மேல்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் உன் அத்தானைப் பார்த்தேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அதன் பிறகு பேசியது நான்தான். "பிடிச்சா வாங்க, இல்லன்னா வேற வீடு பாருங்க! பதினொரு பக்கம் எழுதினவளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்!" என்று கத்தினேன். தம்பி, கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "எழுதிவைக்க நீங்க, அவஸ்தைப்பட நாங்களா?" என்று அவரும் விடவில்லை. கட்டிவைத்த பெட்டிமேல் உட்கார்ந்து மேல்வீட்டுக்காரர் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "வருஷம் பூரா எனக்குக் கேக்கத் தைரியம் வரல, நீங்க வந்த அஞ்சு நிமிஷத்துல கேட்டுட்டீங்க" என்று அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆக, தகராறு நடந்தது, தொடங்கியது நான். குடியே வராதவரோடு போட்ட சண்டை நம் பேச்சில் அடங்குமா என்பதை நீ தீர்மானிக்கலாம் என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அந்தப் பெண்மணியைச் சமாதானப்படுத்தப் படியிறங்கிப் போன உன் அத்தான் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். "எல்லாத்தையும் சரி பண்ணித் தர்றோம்னு சொல்லிட்டேன்" என்றார். யாரைக் கேட்டுச் சொன்னீர்கள் என்றேன். "உன்னைக் கேக்கணும்னு பட்டியல்ல இல்லையே" என்றார்.

பில்டருக்கு என்ன பதில் என்பதை நீ நிதானமாக யோசித்துச் சொல். உன் அத்தான் கையோடு கூட்டி வந்த தச்சர் யோசிக்கவில்லை, குளியலறைக் கதவைக் கழற்றி மாடிப்படியில் சாய்த்துவிட்டார்.