டாங்கிக் காக்காவின் இருபத்து மூன்று பயிர்கள்

விஞ்ஞானத்தை மூக்கால் படித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவரே ஒருவர்தான். அவர் திருகோணமலை உட்துறைமுக வீதியில், என் வீட்டிலிருந்து முப்பத்தொரு அடி தூரத்தில், முதுகில் மாட்டி வயலுக்கு மருந்தடிக்கும் டாங்கிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. அண்ணனைக் காக்கா என்பது எங்கள் பக்கத்து முஸ்லிம் வழக்கம்; டாங்கிக் காக்கா என்றால் கிண்ணியாவிலிருந்து நிலாவெளி வரை தெரியும்.

திருத்த வந்த டாங்கியின் மூடியைத் திறந்து ஒருமுறை முகர்வார். "இது தம்பலகாமத்து எண்ணெய். தண்ணி கூடக் கலந்திருக்கீங்க" என்பார். (எங்கள் பக்கத்து வயற்காரர்கள் களைநாசினியை எண்ணெய் என்றுதான் சொல்வார்கள்.) வயற்காரர் தலையைச் சொறிவார்.

"காக்கா, அது நஞ்சு. சுவாசப்பைக்கு ஆகாது" என்று நான் பதைப்பேன்.

"நீங்க கப்பல் மூட்டைய எண்ணி எண்ணிக் கண்ணைக் கெடுத்தனீங்க. நான் ஏதாவது சொன்னனானா, கிளாக்கர் ஐயா?"

திருத்திய டாங்கியில் தண்ணீர் நிரப்பி, முதுகில் மாட்டி, வீதியைப் பார்த்து அடித்துச் சோதிப்பார். அந்தச் சோதனையில் நான் ஒன்பது தடவை நனைந்திருக்கிறேன். தபால்காரர் நான்கு தடவை. ஒரு கலியாண வான் ஒரு தடவை. மாப்பிள்ளை கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் வயற்காரர்களுக்கான கூட்டம் ஒன்றுக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பயிராராய்ச்சி செய்யும் ஒரு மிஸ் வந்து மரபணுத் திருத்தம் என்றால் என்னவென்று விளக்கினார். நெல்லின் உடம்புக்குள் ஓரிடத்தில்தான் களைநாசினி போய் ஒட்டிக்கொள்கிறதாம். நெல்லின் சொந்த மரபணுவில் அந்த இடத்தைக் கொஞ்சமே கொஞ்சம் மாற்றிவிட்டால் மருந்தால் ஒட்ட முடியாது. களை சாகும், நெல் நிற்கும். ஆய்வுகூடங்களில் செய்துபார்க்கிறார்கள், நம்முடைய வயலுக்கு வர இன்னும் காலம் இருக்கிறது என்றார்.

காக்கா எழுந்தார். பதினேழு கேள்விகள் கேட்டார். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க இடம் கிடைக்கவில்லை. பதினேழாவது கேள்வி இது: "நெல்லு தப்பும், சரி. பக்கத்தில நிக்கிற களை அதைப் பாத்துப் படிக்காதா, மிஸ்?"

அவர் சிரிக்கவில்லை. "களையும் தானாக மாறித் தப்பக்கூடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதுதான் நடக்கும். எங்களுக்கும் அந்தப் பயம்தான்" என்றார்.

மறுநாளிலிருந்து, டாங்கி கசியாமல் மாட்டும் ரப்பர் வளையமான வாசரைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைக்கு வந்த எல்லோருக்கும் பாடம் நடத்தினார். "நெல்லுக்குள்ள ஒரு வாசர் இருக்கு. அந்த வாசரை மாத்தினா எண்ணெய் உள்ள இறங்காது. அவ்வளவுதான் கதை!"

இந்த உற்சாகத்துக்குக் காரணம் அவருடைய ராத்தா, அதாவது அக்கா. காக்காவை விட எட்டு வயது மூத்தவர். கிண்ணியாவில் ஒரு ஏக்கர் வயலை, கணவர் மௌத்தான பிறகும் தனியாகவே செய்துவந்தார். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. பழைய எண்ணெய்க்குக் களை அசைவதில்லை. பலத்த எண்ணெய் அடித்தால் நெல்லும் சேர்ந்து கருகும். பிடுங்க ஆளும் கிடைப்பதில்லை. அடுத்த போகத்தோடு வயலைக் குத்தகைக்குக் கொடுப்பதென்று முடிவுசெய்து, ஓர் ஆளிடம் பேசியும் வைத்திருந்தார்.

"அந்த வயல் போனா ராத்தா முறிஞ்சிருவா, ஐயா. நெல்லுக்கு வாசர் மாத்தியாகணும்" என்பார் காக்கா. எங்கே போய் மாற்றுவது என்பதுதான் தெரியவில்லை.

ஒரு காலை என் கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். "கிளாக்கர் ஐயா, ஓடி வாங்க. எண்ணணும்!"

கடைக்குப் பின்னால் அவர் டாங்கிகளைக் கழுவி ஊற்றும் நிலம். கோரைகூட முளைக்காத இடம். அங்கே, ஒரு கிழிந்த விதைநெல் சாக்குக்குப் பக்கத்தில், பச்சைப்பசேலென்று பயிர்கள். எண்ணினேன். இருபத்து மூன்று.

"எவ்வளவு எண்ணெய் குடிச்ச மண் இது! இதில நெல்லு நிக்கிது! ஆய்வுகூடம் ஒண்டும் வேணாம், தானாவே வாசரை மாத்திட்டுது!"

நிச்சயப்படுத்த இன்னொரு தடவை எண்ணெய் அடித்தார். பத்து நாள் கழித்தும் ஒன்றுகூட வாடவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆவல் தொற்றிக்கொண்டது. விடிந்ததும் பல் துலக்கும் முன் போய்ப் பார்ப்பேன். பழைய குழாய்களால் வேலி போட்டார். ஆடு வந்தால் டாங்கியைத் தூக்கிக்கொண்டு துரத்தினார்.

முழங்காலுக்கு மருந்தெடுக்க ராத்தா பட்டணம் வந்த நாளில், பெண் பார்க்க அழைப்பதுபோல் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

ராத்தா தடியை ஊன்றிக்கொண்டு ஓர் இலையைப் பிடித்தார். இலை தண்டோடு சேரும் இடத்தை விரலால் தடவினார். நெல்லுக்கு அந்த இடத்தில் சின்னதாக ஒரு நாக்கு இருக்கும். இதில் வழவழவென்று இருந்தது.

"அடேய் தம்பி, இது நெற்சப்பியடா!"

நெற்சப்பி என்பது கதிர் வரும்வரை நெல்லைப்போலவே வேடம் போட்டு வயலில் நிற்கும் புல். ராத்தாவின் வயலில் எண்ணெய்க்கு அசையாத அதே களைதான். காக்கா அப்படியே உட்கார்ந்தார். கதிரையில் அல்ல, டாங்கியில்.

"ஏன்டா, நெல்லுக்கு உள்ளுக்க என்ன இருக்கெண்டு ஊருக்கெல்லாம் படிப்பிக்கிறாய். வெளிய என்ன இருக்கெண்டு பாக்க மாட்டியா?"

"மிஸ் பயந்தது வந்திட்டு, கிளாக்கர் ஐயா" என்றார் காக்கா. "நெல்லு பரீட்சை எழுத முந்திக் களை பாஸ் பண்ணிட்டுது."

எண்ணெய்க்குச் சாகாத களை. அது விதை கொட்டினால், கடைக்கு வந்துபோகிற டாங்கிகளின் சேற்றோடு ஊர் ஊராகப் போய்விடும். அன்றே எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கித் தகரப் பீப்பாயில் போட்டார். நான் எண்ணினேன்.

"இருபத்திரண்டுதான் இருக்கு, காக்கா."

அவர் கடலைப் பார்த்தார்.

"காக்கா, இருபத்து மூன்றாவது எங்கே?"

"நல்ல மண்ணில பெருகட்டுமெண்டு... போன கிழமை... ராத்தாட வயலில..."

"என்ட வயலுக்குள்ளயா!" ராத்தா தடியை ஓங்கினார்.

விதை கொட்டினால் அந்த வயல் முடிந்தது. குத்தகைக்காரன்கூடத் தொடமாட்டான். மறுநாள் முதல் பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனோம். அடியில் ஒரு சிவப்பு வாசர் மாட்டி நட்டதாகச் சொன்னார். ஆனால் மழை பெய்து வயல் முழுக்கச் சேறு. ஏற்கனவே நின்ற நெற்சப்பியும் ஏராளம். எது எங்களுடையது என்று தெரியாததால் எல்லாவற்றையுமே பிடுங்கவேண்டியதாயிற்று.

விதைத்த வயலில் வரிசை கிடையாது. வரிசை இல்லாத இடத்தில் எனக்கு மூச்சு முட்டும். கயிறு கட்டி நாற்பது பாத்தியாகப் பிரித்தேன். ராத்தா வரம்பில் கதிரை போட்டு உட்கார்ந்து, "அது நெல்லு, விடு! இது கள்ளன், புடுங்கு!" என்று ஆட்சி செய்தார். காக்கா குனிந்தவர் நிமிரவில்லை. ஒவ்வொரு இலையின் கழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தார். முதல் நாள் பதினொரு நெல்லைப் பிடுங்கித் திட்டு வாங்கினார். மூன்றாம் நாள் ஒன்றுகூடத் தவறவில்லை.

அன்று பின்னேரம், முப்பத்தெட்டாவது பாத்தியில், சேற்றுக்குள்ளிருந்து ஒரு புல்லைத் தூக்கினார். அடியில் சிவப்பு வாசர்.

"கிடைச்சிட்டு! ராத்தா, கிடைச்சிட்டு!"

"மத்த ரெண்டு பாத்தியையும் முடிச்சிட்டுக் கத்து."

முடித்தார். ராத்தா எழுந்து நின்று தன் ஏக்கரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். முழுக்க நெல். களை ஒன்றும் இல்லை.

"தம்பி, அந்தக் குத்தகைக்காரனை வர வேணாமெண்டு சொல்லு. களை புடுங்க எனக்கு ஆள் கிடைச்சிட்டு."

"எந்த ஆள், ராத்தா?"

"சேத்துக்க நிண்டு கதைக்கிற ஆள்."

காக்கா முகத்தைத் துடைத்தார். துடைத்த கையிலும் சேறு.

திரும்பும் பஸ்ஸில் அவர் சேற்றோடு என் வெள்ளைச் சட்டையில் சாய்ந்து தூங்கிப்போனார். நாங்கள் இறங்கவேண்டிய இடம் வந்தது, போனது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.